காலால் பிறந்தேன் என்று சொன்னது

காலையில் எழும்பியதும் முதல் வேலையாக விரல்களை முறிப்பேன். பத்து விரலுக்கும் பத்துச் சத்தம். பிறகு கால் விரல்கள். பிறகு நாடியைப் பிடித்துக் கழுத்தை வலப்பக்கம் ஒரு திருப்பு, இடப்பக்கம் ஒரு திருப்பு. கடைசியாக நாரி, முதுகின் அடிப்பக்கம். தூணையோ கதிரையின் சாய்மானத்தையோ பிடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினால் கீழிருந்து மேலே ஐந்தாறு சத்தம் வரிசையாக ஏறிப் போகும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தேங்காய் மட்டை சுமக்கப் போன இடத்தில் இந்தப் பழக்கம் வந்தது. பக்கத்தில் படுத்தவர்கள் எல்லோரும் முறித்தார்கள், நானும் முறித்தேன்.

அதற்குப் பிறகு சிலாபத்துக்குக் கிட்ட இறால் வளர்க்கும் குளங்களில் நின்றேன். புத்தளத்தில் உப்பு வாரினேன், கொழும்பில் மூட்டை இறக்கினேன், ஒரு செங்கல் சூளையில் மண் மிதித்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. துரத்தப்பட்டும் போயிருக்கிறேன், துரத்தாமலும் போயிருக்கிறேன். சண்டை முடிந்த மறு வருடம் மாம்புரிக்குக் கரைவலை இழுக்க வந்தபோதும் ஒரு பருவம் இழுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வந்தேன்.

கரைவலையைக் கையால் இழுப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது நாரியால் இழுப்பது. வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பும். வலையின் இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும். ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு சாக்குப் பட்டியைக் கட்டி, அதிலிருக்கும் சின்னக் கயிற்றைப் பெரிய கயிற்றில் சுற்றிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்போம். தென்னைகளுக்குக் கிட்டப் போய்ச் சேர்ந்தவன் கழற்றிக்கொண்டு மறுபடி தண்ணீர்க் கரைக்கு ஓடி வந்து முன்னால் பிடிப்பான். இப்படி இரண்டு மூன்று மணித்தியாலம். மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறும்போது ஒருவனுக்கும் நாரி நேராக இருக்காது.

நான் வந்த மூன்றாம் நாள் ஒரு பெரிய ஆளுக்கு நாரி பிடித்துக்கொண்டது. மணலில் குப்புற விழுந்து கிடந்து பல்லைக் கடித்தார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து பார்த்தார். எங்கள் கரையில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான். கத்தோலிக்கர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதம் அதில் இல்லை. தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னுக்கு வரப் பிறந்த ஆள் ஏறி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும். வலை இழுப்பவர்கள் தங்கும் அந்த வாடியில் அப்படி ஒருவன் இருந்தான். ஆனால் அவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

"உங்களுக்குள்ள காலால பொறந்தவன் ஆருமில்லையா?" என்று சம்மாட்டி கேட்டார்.

அந்தப் பருவம் ஆட்கள் கூடிப்போய், புதிதாக வந்தவர்களில் இரண்டு பேரை அடுத்த கிழமை அனுப்பப் போவதாக ஒரு கதை அடிபட்டது. நான் புதிது.

"ஓம். நான் காலாலதான்," என்றேன்.

அதைப் பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது. எனக்கே தெரியாது. என்னைப் பெற்ற ஏழாம் மாதம் அம்மா செத்துப்போனார். வளர்த்தவர்கள் சோறு தந்தார்கள். நான் எப்படிப் பிறந்தேன் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலையால் பிறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த ஆளின் முதுகில் ஏறினேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஈர மணல் ஒட்டிய முதுகு. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவில் வைத்தேன். படபடவென்று மூன்று சத்தம் கேட்டது. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கீழே கிடந்தவர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று நீளமாக மூச்சு விட்டார்.

அன்றிலிருந்து வாடியில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. காற்று வரும் வாசல் பக்கத்தில் படுக்கை. சட்டியில் பெரிய துண்டு மீன். வலை கரையேறிப் பிளேன்டீ குடித்து முடிந்ததும் நாலைந்து பேர் வரிசையாகக் குப்புறக் கிடப்பார்கள். ஆட்களை முகத்தை விட முதுகால்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவருடைய முதுகில் பழைய ஷெல் துண்டுத் தழும்பு. இன்னொருவருக்கு ஏறுவதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடும், கூச்சம். மடி தூக்குகிற சிங்கள ஆளின் நாரி வருடக்கணக்காகக் கிரீஸ் காணாத வண்டில் மாதிரிக் கிறீச்சிடும். அந்த முதுகுகளையெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மனிதன் தன் முதுகைக் காட்டிப் படுத்து, "ஏறு" என்று சொல்வது சின்ன விஷயமில்லை.

கயிற்றில் எனக்கு முன்னால் இழுப்பவன் என் வயதுக்காரன். தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது ஏழு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன். நுரைச்சோலைப் பக்கம் ஓலை வேலி அடைத்த வீட்டில் உம்மா, அவன், அவன் மனைவி மூவரும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வலை இல்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் என்னையும் சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப் போவான். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பதால் அவன் பள்ளிவாசலுக்குப் போய் வரும்வரை வேலியோரம் பூவரச மரத்தடியில் இருப்பேன். அவனுடைய உம்மா உள்ளேயிருந்து, "மகன், வெயிலுக்குள்ள ஏன் இரிக்கிற? உள்ளுக்கு வாவன்," என்று கூப்பிடுவார்.

"கூப்பிடாதீங்க உம்மா," என்பான் அவன், வந்து சேர்ந்ததும். "உள்ளுக்கு வந்தா இவனுக்கு மூச்சு முட்டும். பஸ் சத்தம் கேக்கிற இடத்துலதான் இவன் இரிப்பான்."

அது உண்மைதான். ஆனால் பருவம் முடிந்து போன நான் அடுத்த பருவம் திரும்பி வந்தேன். நான் இரண்டாம் தரம் போன ஒரே இடம் அதுதான். என்னைக் கண்டதும் அவன், "என்ன மச்சான், பஸ்ஸ விட்டிட்டியா?" என்று கேட்டான். மனைவி சிரித்தார். உம்மா இன்னொரு கோப்பையைக் கழுவினார்.

அந்த இரண்டாம் பருவத்தில்தான் அவனுக்கு நாரி நோகத் தொடங்கியது.

முதலில் எல்லோருக்கும் வருகிற நோவுதான். ஏறினேன், இரண்டு சத்தம் வந்தது, எழும்பி நடந்தான். அடுத்த நாளும் கேட்டான். ஒரு கிழமையில் தினமும் என்று ஆனது. மிதித்து முடிந்த உடனே, "ஆ, சுகம்" என்பான். ஒரு மணித்தியாலம் போனால் முகம் மாறும். நோவு நாரியிலிருந்து இடது பிட்டத்துக்கும், அங்கிருந்து தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்காலுக்கும் இறங்கியது. கயிற்றில் அவன் பின்பக்கமாக நடக்கும்போது இடது பாதம் மணலைக் கீறிக்கொண்டு போனது. அவன் போன தடம் எப்போதும் எனக்கு முன்னால் இருப்பதால் அந்தக் கீறலைக் கண்டேன். கண்டும் ஏறினேன். அவன் கேட்டான், நான் ஏறினேன். காலால் பிறந்தவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உன்னை வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கா? ஆக்கள் சிரிப்பாங்கடா."

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுவிட்டு அவன் வீட்டிலிருந்து பெரிய தெருவுக்கு மணல் பாதையில் நடந்தோம். நடு மதியம். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஆடும் நிற்காது. அவன் முன்னால், நான் பின்னால். அவனுடைய இடது கால் ரப்பர் செருப்பு மணலில் கழன்று நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. கதைத்துக்கொண்டே நடந்தான். பத்தடி போயிருப்பான். நான் குனிந்து செருப்பை எடுத்தேன். மணல் பட்ட என் விரல் சுட்டது.

"மச்சான், செருப்பு."

"ஆருட?"

"உன்ட."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். கொதிக்கிற மணலில் வெறும் பாதம் அசையாமல் நின்றது. அவனும் நானும் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவன் செருப்பை வாங்கிக் கையால் காலில் மாட்டினான்.

"ஒண்டுமில்ல, விறைப்பு," என்றான். "நீ இவ்வளவு நாளும் மெதுவா மிதிச்சிட்ட. வா, வீட்டுக்குப் போவம். இண்டைக்கிக் குதிக்காலால ஊண்டி மிதி. எல்லாம் விட்டிடும்."

"நான் ஏறமாட்டன்."

"ஏன்டா?"

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அவன் கேட்கவில்லை. நொண்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி, முற்றத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டான். "உம்மா, இவன் ஏறமாட்டானாம். நீங்க சொல்லுங்க," என்றான். உம்மா வெளியே வந்தார். மனைவியும் வந்து வாசலில் நின்றார்.

"ஏறன் மகன்," என்றார் உம்மா. "காலால பொறந்தவன்ட காலுக்கு அல்லாஹ் ஒரு சக்திய வச்சிரிக்கான். நீ ஏறாட்டி வேற ஆரு ஏறுவா?"

இனி ஒளிக்க முடியாது என்று தெரிந்தது. சொன்னால் வாடியில் இடம் போகும், இந்த வீட்டுச் சோறும் போகும். முதுகில் கட்டிக்கொண்டு போக என்னிடம் ஒரு பைதான் இருந்தது, அது எப்போதும் கட்டியபடியே இருந்தது. ஆனால் அந்தக் கால் மணலில் நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"உம்மா, நான் காலால பொறக்கல்ல."

"என்ன?"

"எப்பிடிப் பொறந்தனெண்டு எனக்குத் தெரியா. சொல்லுறதுக்கு அம்மாவும் இல்ல. வேலையால நிப்பாட்டிப் போடுவாங்களெண்டு அப்பிடிச் சொன்னன்."

உம்மா என்னைப் பார்த்தார். கோபமா இரக்கமா என்று அப்போது தெரியவில்லை. பாயில் கிடந்தவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"இவ்வளவு நாளும் ஒரு பொய்யனுக்குக் கீழயா கிடந்தன்?" என்றான். கையை நீட்டிப் பக்கத்தில் கழற்றி வைத்த அதே செருப்பை எடுத்து என் மேல் எறிந்தான். நெஞ்சில் பட்டது. எறிந்த வேகத்தில் நாரி பிடித்து, "உம்மோ!" என்று கத்தி அப்படியே பாயில் சுருண்டான். கத்தலுக்கு நடுவிலும் என்னை ஏசுவதை நிறுத்தவில்லை. அவன் மனைவிதான் முதலில் அசைந்தார். "ஏசினது போதும். திரீவீலைக் கூப்பிடுங்க," என்றார் என்னிடம். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் இளவயதுப் பெண் டொக்டர். சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார், ஆனால் விளங்கியது. சின்னச் சுத்தியலால் முழங்காலிலும் குதிக்காலுக்கு மேலும் தட்டினார். குதிக்காலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் நிமிர்ந்தது, இடது பாதம் சொத்தென்று விழுந்தது. சலம், சிறுநீர்தான், தடையில்லாமல் போகிறதா என்று இரண்டு தரம் கேட்டார். போகிறது என்றான். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"என்ன செய்தீங்க? மருந்து ஏதும்?"

அவன் என்னைக் கையால் காட்டினான். "இவர் மிதிச்சார்."

"எத்தின கிலோ நீங்க?"

"அறுபத்திரெண்டு, டொக்டர்."

அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு கடதாசியில் முள்ளந்தண்டை வரைந்தார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறதாம். அவனுக்கு அதில் ஒன்று பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை நெரிக்கிறது. நான் மிதித்துத்தான் அது வந்தது என்று சொல்ல ஏலாது, பாரம் இழுத்தும் வந்திருக்கலாம், ஆனால் வந்த பிறகு மிதித்தது நல்லதில்லை என்றார். "சத்தம் வந்தா சுகம் வந்தது எண்டு நினைக்க வேணாம். சத்தம் வேற, சுகம் வேற."

"கால் திரும்பி வருமா டொக்டர்?" அவன் கேட்டான். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. கயிறு இழுக்கும்போது பாட்டெடுக்கிறவனின் குரல் அவ்வளவு சிறுத்திருந்தது.

"கூடுதல் பேருக்கு வரும். மாசக் கணக்காகும். ஸ்கேன் எடுக்கவேணும். இன்னும் பலம் குறைஞ்சா, சலம் நிண்டா, உடனே ஓடி வரவேணும், ஆப்பரேஷன் தேவைப்படலாம். இந்தப் பருவம் வலை இல்ல. பாரம் இல்ல. ஆனா படுத்தே கிடக்கவும் வேணாம். ஒவ்வொரு நாளும் நடங்க."

நான் பயத்தில் விரல்களை முறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. டொக்டர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். நான் கையைப் பின்னால் ஒளித்தேன்.

"விரலா? அது பரவாயில்ல," என்றார். "மூட்டுக்குள்ள ஒரு தண்ணி இரிக்கி. அதுல காத்துக் குமிழி வாற சத்தம். நோவும் வீக்கமும் இல்லாட்டிப் பயமில்ல."

கேட்காமல் விட்டால் பிறகு கேட்க முடியாது என்று மற்றதையும் கேட்டேன். "நாரி? கழுத்து?"

"சோம்பல் முறிக்கிற மாதிரி நீங்களே மெதுவா முறிச்சா பிரச்சினை இல்ல. திரும்பத் திரும்ப முறிக்கச் சொல்லிக் கேட்டா, கால் விறைச்சா, அது உடம்பு வேற என்னவோ சொல்லுது. கழுத்தைக் கையால பிடிச்சுத் திருப்புறத மட்டும் விட்டிடுங்க. மூளைக்குப் போற இரத்தக் குழாய் அதுக்குள்ளால போகுது."

பதினைந்து வருடமாகத் தினமும் இரண்டு தரம் திருப்பிய கழுத்து. வெளியே வரும்வரை அதை அசைக்காமல், ஒரு முட்டையைக் கொண்டு போவது போலக் கொண்டு வந்தேன்.

வாடியில் நானே சொன்னேன். எல்லோரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த நேரம், நின்றபடி சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். முதலில் கூச்சக்காரர், "அப்ப எனக்கு விட்டது எப்பிடி?" என்று கேட்டார். ஷெல் தழும்புக்காரர், "காலால பொறந்தா என்ன, கையால பொறந்தா என்ன, சுகமாத்தானே இரிந்திச்சி. நாளைக்கும் ஏறு," என்றார்.

"ஏறமாட்டன்," என்றேன்.

சம்மாட்டிதான் பையைப் பார்த்தார். "எங்க போற?"

"போகச் சொல்லுவீங்க தானே."

"கயிற்றுல ஒரு ஆள் குறைஞ்சி இரிக்கி, நீயும் போனா ஆரு இழுக்கிற? உன்ட அப்பனா? வாசல்ல படுக்கிறதை மட்டும் விட்டிடு. உள்ளுக்குப் போய்ப் படு."

உள்ளே காற்று வராது. அங்கே படுத்தேன்.

வலை கரையேறியதும் தினமும் நுரைச்சோலைக்குப் போனேன். அவனை நடக்க வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. அவன் என்னோடு கதைக்கவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனைவி அவனுடைய இடது செருப்பில் பழைய ரப்பர் நாடா ஒன்றைக் குதிக்காலைச் சுற்றித் தைத்துவிட்டிருந்தார், கழலாமல் இருக்க. அவன் முன்னால் நடப்பான். நான் பின்னால், அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு. பின்பக்கமாகவே நடந்து பழகிய இரண்டு பேர், ஒரு கயிறும் இல்லாமல், முன்பக்கமாக நடந்தோம். பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"பின்னால வராதடா. மிதிக்க வாற மாதிரியே இரிக்கி."

நான் பக்கத்தில் போய் நடந்தேன்.

பருவம் முடிந்தது. கடல் கலங்கத் தொடங்கி, வலைகளைக் காய வைத்துக் கட்டினார்கள். ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். நான் போகவில்லை. வெங்காயத் தோட்டமொன்றில் தண்ணீர் ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கால் பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

நோவு முதலில் குறைந்தது. பாதம் மெதுவாக நிமிரத் தொடங்கியது. விறைப்பு மட்டும் விடவில்லை. உம்மா ஒவ்வொரு நாளும் அவன் பாதத்தில் விளக்குமாற்று ஈர்க்கால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பார். "இல்ல உம்மா." "இங்க?" "இல்ல உம்மா." அந்த "இல்ல" ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான் பூவரச மரத்தடியில் இருந்தேன். கோழி ஒன்று அடுப்படிக் குசினிக்குள் புகுந்துவிட்டது. அதைத் துரத்த அவன் செருப்பில்லாமல் முற்றத்துக்கு இறங்கினான். இரண்டு அடி வைத்திருப்பான்.

"உம்மா! சுடுது!"

இடது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் துள்ளினான். வலது கால் சுட, காலை மாற்றினான். இடது காலும் சுட்டது. "சுடுது மச்சான், சுடுதுடா பொய்யா, செருப்பைக் கொண்டா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சிரித்தார் என்றும் சொல்லலாம். நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுடட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உம்மா வெளியே வந்தார். மகனை நிழலுக்கு இழுத்து இருத்தி, இரண்டு கைகளாலும் அவன் தலையிலிருந்து கால்வரை தடவி வழித்தெடுத்து, அந்த விரல்களைத் தன் கன்னப்பொறியில் வைத்து மடக்கினார். கண்ணூறு போக நெட்டி முறிப்பது. எல்லா விரலும் முறிந்தால் எல்லாக் கண்ணும் கழிந்தது என்று கணக்கு. எட்டுச் சத்தம் கேட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க வா மகன்."

நான் குனிந்தேன். மீன் மணக்கிற கைகள் என் நெற்றியிலிருந்து காதோரமாக இறங்கின. என் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் தரம் நெட்டி முறித்திருக்கிறேன், வாடியில் எல்லோரும் முறித்துக் கேட்டிருக்கிறேன். எனக்காக இன்னொருவர் முறித்து நான் கேட்டதில்லை.

"எத்தின உம்மா?" என்றான் அவன், சுட்ட காலை ஊதிக்கொண்டு.

"பத்து."

"எனக்கு எட்டு, அந்தப் பொய்யனுக்குப் பத்தா?"

"அவனுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் கழிக்கல்ல தானே," என்றார் உம்மா. "அதான் தேங்கிக் கிடந்திரிக்கி." என் கையிலிருந்த செருப்பை வாங்கி மகனின் காலடியில் போட்டுவிட்டுக் கோழியைத் துரத்த உள்ளே போனார்.